அப்பாவின் விரல்கள் விரிய மூளைத் தூண்டல் சிகிச்சை உதவுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, தையல் கடை வைத்திருந்தவர். பதினான்கு மாதத்துக்கு முன் மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கம் வாதம் வந்தது. இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார், பேச்சும் திரும்பிவிட்டது, தோளும் முழங்கையும் ஓரளவு அசைகின்றன. வலக்கை விரல்கள் மட்டும் மடங்கியே இருக்கின்றன. ஒவ்வொருவரின் மூளை அலைகளையும் கணினி படித்து, அவரவருக்கு ஏற்ற கணத்தில் தூண்டல் கொடுக்கும் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு செய்தி படித்தீர்கள். இதற்கிடையில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மையம் 'உங்களுக்கென்றே வடிவமைத்த மூளைத் தூண்டல், முப்பது அமர்வு' என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறது. சேர்க்கலாமா என்பது கேள்வி. ஆனால் கடைசியில் "ஒரு வருஷம் தாண்டிடுச்சு, இனிமே கை வருமா வராதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்களை உண்மையில் அரிக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பக்கவாத மறுவாழ்வில் பிசியோதெரபிஸ்டாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அதில் கொஞ்ச காலம் காந்தத் தூண்டல் பரிசோதனைகள் நடந்த கூடத்திலும் இருந்திருக்கிறேன். அப்பாவையோ அவருடைய ஸ்கேனையோ நான் பார்த்ததில்லை, ஆகவே அவருக்காக இங்கிருந்து முடிவு சொல்வது சரியாகாது. ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன். எந்த மெஷின், எத்தனை அமர்வு என்பதெல்லாம் அப்புறம் பேச வேண்டியவை. பாதிக்கப்பட்ட பக்கத்து மூளையிலிருந்து அந்தக் கைக்கு இன்னும் சமிக்ஞை வந்து சேர்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் தொடங்கும் எந்தத் தூண்டலையும் ஒருவருக்கென்றே வடிவமைத்தது என்று ஏற்க முடியாது.

விரலை விரிக்க நினைத்ததும் மூளையின் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதியிலிருந்து உத்தரவு கிளம்புகிறது. அங்கிருந்து நீளமான நரம்பிழைகள் கற்றையாக இறங்கி, முகுளத்தின் அடியில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கத்துக்கு மாறி, தண்டுவடத்தில் கழுத்து மட்டத்தில் கைக்கான நரம்பணுக்களைச் சென்றடைகின்றன. கார்டிகோஸ்பைனல் பாதை என்பது இதுதான். தோளுக்கும் முழங்கைக்கும் மூளைத்தண்டிலிருந்து வரும் வேறு பாதைகளும் ஓரளவு கைகொடுக்கும். விரல்களைத் தனித்தனியாக அசைப்பதற்கும், குறிப்பாக விரிப்பதற்கும், இந்த ஒரு பாதையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். "கையைத் தூக்குறாரு, பிடிக்கிறாரு, ஆனா பிடிச்சதை விட மாட்டேங்குறாரு" என்று குடும்பத்தார் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான். ஸ்கேனில் பெரிய திட்டாகத் தெரியும் சேதம் இந்தப் பாதையைத் தொடாமல் விட்டிருக்கலாம். மூளையின் ஆழத்தில் இழைகள் நெருக்கமாக இறங்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் சேதம் கையை முழுவதுமாக முடக்கவும் செய்யலாம். அதனால் 'பெரிய ஸ்ட்ரோக்', 'சின்ன ஸ்ட்ரோக்' என்ற பேச்சை வைத்துக் கையின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

பாதை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர், தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதில் கணநேரம் பலமான மின்சாரத்தைச் செலுத்தி, அதனால் எழுந்த காந்தப்புலத்தைக் கொண்டே வலியில்லாமல் ஒருவரின் கையை அசைத்துக் காட்டினார்கள். டிரான்ஸ்க்ரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக டி.எம்.எஸ். என்பது அங்கே பிறந்தது. நோயாளியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, கையைத் தலையணை மேல் தளர்வாக வைக்கச் சொல்வோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாகத் தெரியும் தசையில் மின்முனைகளை ஒட்டுவோம். எட்டு வடிவச் சுருளைத் தலையில் வைத்து ஒரு துடிப்பு கொடுத்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும், உச்சந்தலையில் யாரோ விரலால் தட்டியது போலிருக்கும், அவ்வளவுதான். திரையைப் பார்ப்போம். ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு துடிப்பு. சரியான இடம் அமைந்தால் ஏறத்தாழ 20 மில்லிசெகண்டில் தசையிலிருந்து ஒரு சிறிய அலை திரையில் எழும். பத்து முறை கொடுத்தால் ஐந்து முறையாவது 50 மைக்ரோவோல்ட் அளவுக்கு அலை எழ எவ்வளவு குறைந்த பலம் போதும் என்பதுதான் அவருடைய இயக்க வாசல் அளவு. இது ஆளுக்கு ஆள் வேறுபடும். பக்கவாதம் வந்த பக்கத்தில் கை தளர்ந்திருக்கும்போது பல சமயம் அலை எழாது. அப்போது, முடிந்தவரை கையை மூட முயன்றுகொண்டே இருக்கச் சொல்லிவிட்டுக் கொடுத்துப் பார்ப்போம், சிலருக்கு அப்போது வரும். விரலில் கண்ணுக்குத் தெரியும் அசைவே இல்லாத கையில்கூட அலை எழுவதுண்டு. அப்படி எழுந்தால் பாதை முழுவதும் அறுபடவில்லை என்று பொருள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் இதை வைத்தே பிரெப்-2 என்ற கணிப்பு முறையை உருவாக்கினார்கள். வாதம் வந்து மூன்று நாளுக்குள் தோளைப் பக்கவாட்டில் தூக்கும் பலத்துக்கு ஐந்து மதிப்பெண், விரலை விரிக்கும் பலத்துக்கு ஐந்து. மொத்தம் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் மெஷினே தேவையில்லை, கை மூன்று மாதத்தில் நன்றாக மீளும் என்று சொல்லலாம். குறைந்தால் மட்டும் டி.எம்.எஸ். பார்ப்பார்கள். அலை வந்தால் வேலைக்கு உதவும் கையாக மீள வாய்ப்பு அதிகம், வராவிட்டால் குறைவு. நான்கில் மூன்று பேருக்கு இந்தக் கணிப்பு பலித்திருக்கிறது. பதினான்கு மாதம் கழித்து இதே கணக்கை அப்பாவுக்குப் போட முடியாது. அவருக்குப் பொருந்துவது அதே குழுவினர் 2007-ல் வெளியிட்ட, நாட்பட்ட வாதம் உள்ளவர்களைப் பற்றிய இன்னொரு ஆய்வு. அலை வந்தவர்களுக்கு வாதம் வந்து மூன்று வருடம் ஆன பிறகும் பயிற்சியால் பயனுள்ள முன்னேற்றம் கிடைத்தது. நாள் ஆக ஆக அதன் அளவு குறைந்ததும் உண்மை. அலை வராதவர்களில், எம்.ஆர்.ஐ. படத்தில் பாதையின் இழைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்துச் சிலருக்கு மட்டும் முன்னேற்றம் இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் 'ஒரு வருடம் தாண்டினால் அவ்வளவுதான்' என்று நம் ஊரில் சொல்லிவிடுகிறார்களே, அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

இனி தூண்டலுக்கு வருகிறேன். ஒற்றைத் துடிப்பு கொடுத்துப் பார்ப்பது பரிசோதனை. அதையே நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கொடுப்பது சிகிச்சை முயற்சி. நொடிக்கு ஒன்று வீதம் மெதுவாகக் கொடுத்தால் அந்த இடத்தின் துடிப்பு சற்று அடங்கும், நொடிக்கு ஐந்துக்கு மேல் வேகமாகக் கொடுத்தால் சற்று எழும் என்பது பொதுவான விதி. டி.டி.சி.எஸ். என்ற இன்னொரு முறையில், தலையில் ஈரமான பட்டைகளை வைத்து ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் மெல்லிய மின்சாரத்தைச் சுமார் இருபது நிமிடம் செலுத்துவார்கள். பக்கவாதத்தில் இவற்றைப் பயன்படுத்தியதற்கு ஒரு கோட்பாடு அடிப்படையாக இருந்தது. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிவைக்கின்றன, ஒரு பாதி பலவீனமானால் நல்ல பாதி அதை அளவுக்கு மீறி அடக்குகிறது, ஆகவே நல்ல பாதியைத் தணித்தால் பாதிக்கப்பட்ட பாதி தலைதூக்கும் என்றார்கள். கேட்க அழகான கோட்பாடு. சிறிய ஆய்வுகள் பலவற்றில் பலனும் தெரிந்தது. அந்த ஆய்வுகளை எல்லாம் எடைபோட்ட ஐரோப்பிய நிபுணர் குழு 2020-ல், வாதம் வந்து சில வாரங்கள் கடந்த கட்டத்தில் கை அசைவுக்காக நல்ல பக்கத்துக்கு மெதுவான டி.எம்.எஸ். கொடுப்பதற்கு மிக உயர்ந்த ஆதார நிலையைக் கொடுத்தது. உங்கள் ஊர் மையம் இதைக் காட்டியிருந்தால் அது பொய் இல்லை. ஆனால் அந்த மதிப்பீடு அப்பாவைப் போல ஒரு வருடம் கடந்தவர்களுக்கானது அல்ல.

பெரிய ஆய்வுகளின் கதை வேறு. அமெரிக்காவில் நடந்த நிச் ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. வாதம் வந்து மூன்று முதல் பன்னிரண்டு மாதம் ஆன 199 பேர். ஒவ்வொருவரின் எம்.ஆர்.ஐ. படத்தையும் வைத்து, சுருளை எங்கே வைக்க வேண்டும் என்று கணினி வழிகாட்டியது. நல்ல பக்கத்துக்கு மெதுவான தூண்டல், ஆறு வாரத்தில் பதினெட்டு அமர்வு, கூடவே கைப்பயிற்சி. ஃபுகல்-மேயர் அளவையில் கைக்கு மொத்தம் 66 மதிப்பெண், அதில் ஐந்து கூடினால் முன்னேற்றம் என்று வைத்துக்கொண்டார்கள். உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் அதை எட்டினார்கள். போலித் தூண்டல், அதாவது கொடுப்பது போல் காட்டிவிட்டு உண்மையில் கொடுக்காதது, பெற்றவர்களில் 65 சதவீதம். போலிச் சுருளிலேயே ஏதாவது விளைவு இருந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அதை மாற்றி 60 பேரிடம் மறுபடி பார்த்தார்கள், அப்போதும் வித்தியாசம் நிலைநாட்டப்படவில்லை. டி.டி.சி.எஸ். பக்கம் டிரான்ஸ்போர்ட்-2 என்ற ஆய்வில் 129 பேரிடம் 2 மில்லிஆம்பியர், 4 மில்லிஆம்பியர், போலி என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தீவிரக் கைப்பயிற்சி உண்டு. 2025-ல் வந்த முடிவு, மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை என்பதே. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நெதர்லாந்தின் பி-ஸ்டார்ஸ் ஆய்வு இருக்கிறது. வாதம் வந்து மூன்று வாரத்துக்குள் தொடங்கி, நல்ல பக்கத்துக்குப் பத்து நாள் தீட்டா பர்ஸ்ட் என்ற குறுகிய வகைத் தூண்டலைக் கொடுத்தார்கள். 60 பேர்தான் என்றாலும், மூன்று மாதத்தில் கைவேலைத் திறன் போலிக் குழுவைவிட நன்றாக இருந்தது. ஆரம்ப வாரங்களில் கொடுப்பதும் வருடம் கழித்துக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒரு தடயம்.

என் கருத்தில் இவற்றில் மிக முக்கியமான பாடம் எவரெஸ்ட் என்ற பழைய ஆய்வில் இருக்கிறது. மண்டையோட்டைத் திறந்து, மூளையுறை மேல் மின்முனையைப் பதித்து, பயிற்சியின்போது தூண்டினார்கள், 164 பேர். குரங்குகளிலும் எலிகளிலும் அருமையாக வேலை செய்த முறை, இங்கே தோற்றது. ஏன் என்று பின்னால் அலசியபோது தெரிந்தது இதுதான்: விலங்குகளில், தூண்டினால் கை அசைகிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் மின்முனையை வைத்திருந்தார்கள். மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், தூண்டியபோது கை அசைந்தவர்கள் சிறு பகுதியினரே. அசைந்தவர்களுக்குத்தான் பலனும் கூடுதலாக இருந்தது. பாதை இல்லாத இடத்தில் தூண்டல் எங்கே போய்ச் சேரும்?

தவறான ஆளுக்குக் கொடுத்தால் வெறும் வீண் மட்டுமல்ல, கெடுதலும் நேரலாம். நல்ல பக்கத்தைத் தணிக்கும் முறையை ஆக்லாந்தில் சோதித்தபோது, பாதிப்பு லேசாக இருந்தவர்களின் கைக் கட்டுப்பாடு மேம்பட்டது, கடுமையாக இருந்தவர்களுக்கு அது மோசமானது. பாதை பெருமளவு சேதமானவர்களுக்கு நல்ல பாதிதான் எஞ்சிய ஆதரவு, அதையும் அடக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 2014-ல் இத்தாலியின் டி பினோவும் சக ஆய்வாளர்களும் நல்ல பாதி அடக்குகிறது, நல்ல பாதி ஆதரவு தருகிறது என்ற இந்த இரண்டு பார்வைகளையும் சேர்த்து, எவ்வளவு பாதை மிச்சம் என்பதைப் பார்த்துத்தான் எந்தப் பாதியை எழுப்புவது, எதைத் தணிப்பது என்று முடிவுசெய்ய வேண்டும் என்று எழுதினார்கள். இதை இன்னும் பெரிய ஆய்வில் நிரூபிக்கவில்லை, ஆனால் இதன் தர்க்கம் எனக்கு உறுதியாகப் படுகிறது. அதோடு, மெதுவாகக் கொடுத்தால் அடங்கும், வேகமாகக் கொடுத்தால் எழும் என்ற விதியே ஆரோக்கியமானவர்களிடம்கூட நிலையாக இல்லை. லண்டனில் 52 பேரிடம் தீட்டா பர்ஸ்ட் கொடுத்துப் பார்த்தபோது, சிலருக்கு எழுந்தது, சிலருக்கு அடங்கியது, சராசரியாகப் பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை.

அப்படியானால் ஒரே ஆளுக்குள்ளும் ஒரு கணத்துக்கும் இன்னொரு கணத்துக்கும் வித்தியாசம் இருக்கலாமே என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் நீங்கள் படித்த ஆராய்ச்சி. மூளையின் இயக்கப் பகுதியில் நொடிக்குப் பத்து முறை வாக்கில் ஒரு மூளை அலை (முன்பு சொன்ன தசை அலை அல்ல) ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊஞ்சலை எந்தக் கணத்தில் தள்ளுகிறோமோ அதைப் பொறுத்து அது உயரே போவதும் தடைபட்டு நிற்பதும் போல, அந்த அலை தாழ்ந்திருக்கும்போது துடிப்பைக் கொடுத்தால் பாதை நன்றாகப் பதில் சொல்கிறது என்றது ஜெர்மனியின் ட்யூபிங்கன் குழு. 2018-ல் உல்ஃப் சீமானும் கிறிஸ்டோஃப் ஸ்ரெனரும் சக ஆய்வாளர்களோடு, மூளை அலைகளைத் தலைமேல் மின்முனை வைத்துப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யை நேரலையாகப் படித்து, அலையின் தாழ்வில் மட்டும் துடிப்பு கொடுத்தபோது விளைவு நீடித்து நின்றதைக் காட்டினார்கள். அதே எண்ணிக்கைத் துடிப்புகளைக் கணம் பார்க்காமல் கொடுத்தபோது அப்படி நிற்கவில்லை. எல்லா ஆய்வகங்களிலும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சாரா ஹுசைன் குழுவினர் வேறு வழியில் போகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அலை, ஒரே கணம் என்று வைக்காமல், ஒருவரின் தலை முழுவதும் எடுத்த இ.இ.ஜி.யையும் ஒவ்வொரு துடிப்புக்கும் அவருடைய கைத்தசை தந்த பதிலையும் கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த மூளைக்குப் பாதை திறந்திருக்கும் கணம் எது என்று கணினி அவரவருக்குத் தனியாகக் கண்டுபிடிக்கிறது, அந்தக் கணத்தில் துடிப்பு போகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு சேதமான பகுதியில் அலைகளே மாறிப்போயிருக்கும் என்பதால், பாடப்புத்தக அலையைத் தேடாமல் அந்த ஆளிடமே கற்றுக்கொள்வது நல்ல யோசனை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இதில் நிச்சயமானது எது, சந்தேகத்துக்குரியது எது? சரியான கணத்தில் கொடுத்த துடிப்புக்குத் தசை பெரிய பதில் தருகிறது என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்க்க முடிகிறது. அந்தப் பெரிய பதில் வாரக்கணக்கில் சேர்ந்து, சட்டைப் பித்தானைப் போடும் கையாக மாறுமா என்பது இன்னும் திறந்த கேள்வி. இந்த வேலைகள் முதலில் ஆரோக்கியமானவர்களிடம் நடந்தவை. நிச் போல நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம், போலித் தூண்டலோடு ஒப்பிட்டு, வீட்டு வேலையில் கை எவ்வளவு உதவுகிறது என்பதை அளந்து பார்த்த பிறகுதான் இதைச் சிகிச்சை என்று சொல்ல முடியும். இன்று எந்த மையமாவது இதை விலைக்குத் தருவதாகச் சொன்னால், அது ஆராய்ச்சிக் கட்டத்தில் இருப்பதை விற்கிறது என்றே கொள்ளுங்கள். ஆராய்ச்சியாக நடத்துகிறார்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும், ஒப்புதல் படிவம் தமிழில் கொடுக்க வேண்டும், சோதிக்கப்படும் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது.

நேரம் பார்த்துக் கொடுப்பது என்ற அதே எண்ணம் வேறொரு உருவத்தில் நோயாளிகளிடம் பலித்திருக்கிறது, அதையும் சொல்கிறேன். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் மூளையில் கற்றலுக்கு உதவும் ரசாயனங்கள் சுரக்கின்றன. டல்லாஸில் மைக்கேல் கில்கார்ட் குழுவினர் எலிகளில் இதைக் காட்டினார்கள். பிறகு வாதம் வந்து ஒன்பது மாதம் முதல் பத்து வருடம் ஆன 108 பேரிடம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செய்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. மார்பில் தோலுக்கு அடியில் கருவியைப் பதித்து, நோயாளி கையை நீட்டி ஒரு பொருளை எடுக்கும் அதே கணத்தில் பயிற்சியாளர் பொத்தானை அழுத்துவார், அரை நொடி தூண்டல் போகும். பயிற்சி முடிந்து மூன்று மாதத்தில், குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தவர்கள் 47 சதவீதம். அதே பயிற்சியைத் தூண்டல் இல்லாமல் செய்தவர்களில் 24 சதவீதம். அதே வருடம் மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. எல்லோருக்கும் பலிக்கவில்லை, அறுவைச் சிகிச்சை தேவை, செலவும் மிக அதிகம். கிளீவ்லாந்தில் சிறுமூளையின் ஆழத்தில் மின்முனை பதித்து 12 பேரிடம் செய்த முதல்கட்ட ஆய்வில் ஒன்பது பேர் முன்னேறினார்கள். நம்பிக்கை தருகிறது, ஆனால் 12 பேர், ஒப்பீட்டுக் குழு கிடையாது. அப்பாவுக்காக இப்போது இதைத் தேடி அலைய வேண்டாம்.

நிச் ஆய்வின் எண்ணைத் திரும்பப் பாருங்கள். போலித் தூண்டல் பெற்ற 65 சதவீதம் பேர் முன்னேறினார்கள். இயல்பாக வரும் மீட்சியும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். ஆனாலும் அவர்கள் ஆறு வாரம் ஒழுங்காக, ஆள் வைத்து, குறிக்கோள் வைத்துக் கைப்பயிற்சி செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. தூண்டல் தோற்ற ஆய்வு என்று எல்லோரும் அதைச் சொல்கிறார்கள், நான் அதில் பயிற்சியின் பலத்தைப் பார்க்கிறேன். லண்டன் குவீன் ஸ்கொயரில் நிக் வார்ட் குழுவினர் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப்பயிற்சி கொடுக்கிறார்கள். வாதம் வந்து மாதங்கள், வருடங்கள் ஆனவர்களும் அதில் முன்னேறி, ஆறு மாதம் கழித்தும் அதைத் தக்கவைத்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத விவரம் என்பதால் அதை இறுதி ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊரில் வாரம் மூன்று நாள், அரைமணி நேரம், அதிலும் பாதி நேரம் கையை நீட்டி மடக்கிவிடுவதில் போய்விடுகிறது. அந்த அளவை வைத்து 'பயிற்சி செய்தும் வரவில்லை' என்று முடிவுகட்டுவது அப்பாவுக்குச் செய்யும் அநியாயம்.

வீட்டில் நீங்களே ஒன்றைப் பார்க்கலாம். அப்பாவின் முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லுங்கள். பிறகு மணிக்கட்டை நீங்கள் நேராகத் தாங்கிக்கொண்டு, விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். தாங்காமல் விட்டால், மணிக்கட்டு கீழே விழும்போது தசைநாண் இழுப்பினால் விரல்கள் தானாகக் கொஞ்சம் விரியும், அதை முன்னேற்றம் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. உங்கள் இன்னொரு கையை அவருடைய முன்கையின் மேல்பக்கத்தில் வையுங்கள். முயற்சிக்கும்போது அங்கே தசை லேசாகத் திரள்வது தெரிகிறதா? மணிக்கட்டும் கட்டைவிரலும் வேறு இரண்டு விரல்களும் பத்து டிகிரியாவது தாமாக நிமிர்ந்தால், நல்ல கையைக் கட்டுப்படுத்திவிட்டு வாதம் வந்த கையையே வேலை வாங்கும் பயிற்சிக்கு அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் 222 பேரிடம் செய்து 2006-ல் வெளிவந்த ஆய்வில் பலன் காட்டிய முறை அது. அந்த அளவுக்கு நிமிரவில்லை என்றாலும், சின்னத் துடிப்பு இருந்தால் விரல் விரிக்கும் தசைகளுக்கு மின்தூண்டல் கொடுத்தபடியே பயிற்சி செய்யலாம். பிசியோதெரபி மையங்களில் சாதாரணமாகக் கிடைப்பதுதான். அசைவே இல்லாதவர்களுக்கு, நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் வாதம் வந்த கை அசைவது போலப் பார்த்தபடி செய்யும் கண்ணாடிப் பயிற்சி உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் மாய வலிக்காகக் கொண்டுவந்த கண்ணாடியை, அவரும் சேர்ந்து 1999-ல் பக்கவாதத்தில் முயன்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் மிதமான பலனைக் காட்டுகின்றன, செலவு ஒரு கண்ணாடிதான்.

ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தால் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பது அவருக்கு ஏற்கெனவே வருகிறது, விடுவதுதான் வரவில்லை. கத்திரிக்கோல் இப்போதைக்கு வேண்டாம், எட்டாத வேலையைக் கொடுத்தால் மனம் உடையும். துணி நழுவாமல் வலக்கையால் அழுத்திப் பிடிக்க, இடக்கையால் அளவு நாடாவை வைக்கட்டும். நூல்கண்டை எடுத்துப் பெட்டிக்குள் விடட்டும், 'விடுவது'தான் பயிற்சி. அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை இது, கை நினைவில் வைத்திருக்கும் அசைவுகள் அவை. விரல்கள் மிகவும் இறுகியிருந்தால் போட்யூலினம் ஊசி பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி இறுக்கத்தைத்தான் தளர்த்தும், அசைவைக் கொடுக்காது. தளர்ந்திருக்கும் அந்த மூன்று மாதத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொண்டால்தான் பயன்.

அந்த மையத்துக்குப் போனால் இவற்றைக் கேளுங்கள். வாதம் வந்த பக்கத்தைத் தூண்டிக் கைத்தசையில் அலை வருகிறதா என்று பார்த்தீர்களா, அந்தப் பதிவைக் காட்ட முடியுமா? எந்தப் பாதியைத் தூண்டப்போகிறீர்கள், எழுப்பவா தணிக்கவா, அப்பாவுக்கு ஏன் அப்படி? தூண்டல் முடிந்தவுடன் கைப்பயிற்சி எவ்வளவு நேரம், யார் கொடுப்பார்கள்? இதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் தூண்டலின் விளைவு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும், அதற்குள் கை வேலை செய்ய வேண்டும். தொடங்கும் முன்னும் பத்து அமர்வுக்குப் பின்னும் கையை எந்த அளவையில் அளப்பீர்கள், அதில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மீதிப் பணத்தைத் தருவீர்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் வந்தால், மருத்துவரின் ஒப்புதலோடு பத்து அமர்வு முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'எல்லாருக்கும் இதுதான் செட்டிங்' என்று வந்தால் அந்தப் பணத்தை, அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்குச் செலவழியுங்கள். டி.எம்.எஸ். பல மனநல மருத்துவமனைகளில் மனச்சோர்வுக்காக இருக்கிறது, அதற்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சை. ஆனால் மனச்சோர்வுக்குத் தூண்டும் இடமும் கைக்குத் தூண்டும் இடமும் வேறு, அதே மெஷின் என்பதால் அதே அனுபவம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று, ஒரு வருடமாக வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு மனச்சோர்வே இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு வருகிறது, இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது.

பாதுகாப்பு விஷயத்தில், டி.எம்.எஸ். பொதுவாக ஆபத்தில்லாதது. தலைவலி, தலைத்தோலில் குத்தல் போன்றவை வரும் போகும். அரிதாக வலிப்பு வரலாம், பக்கவாதம் வந்த மூளைக்கு அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல், அதனால் வலிப்பைச் சமாளிக்கத் தெரிந்த மருத்துவர் இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் காக்ளியர் கருவி, மார்பில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். போகும்போது எம்.ஆர்.ஐ. சிடியையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலையும் எடுத்துப்போங்கள். ஃபெனிடாயின், கார்பமசெபைன் போன்ற வலிப்பு மாத்திரைகள் இயக்க வாசல் அளவை உயர்த்தும், தூக்க மாத்திரைகளில் சில கற்றலை மந்தப்படுத்தும். இதைக் காரணம் காட்டி எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். மேசை விளிம்பில் வைத்துப் பார்க்கச் சொன்னதைப் பார்த்துவிட்டு, மணிக்கட்டும் விரலும் எவ்வளவு நிமிர்ந்தன என்று எழுதினீர்களானால், எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்பதைப் பற்றி மேற்கொண்டு சொல்கிறேன்.